வாத்து ஏன் வரவில்லை? குளிர்கால வானிலையைப் பார்த்துக் காரணம் கண்டறியும் வழிமுறை

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஸ்டட்கார்ட் நகரைச் சுற்றியுள்ள நெல்வயல்களிலும், பேயு மீட்டோ போன்ற நீர் தேங்கிய ஓக் காடுகளிலும் நவம்பர் பிற்பகுதியில் வாத்து வேட்டைப் பருவம் தொடங்குகிறது. இடையிடையே சில நாள் நிறுத்தங்களோடு மொத்தம் 60 நாள்கள் நடந்து, அது ஜனவரி 31ஆம் தேதியோடு முடிகிறது. அந்த அறுபது நாள்களில் வேட்டைக்காரர்கள் எங்கே சந்தித்தாலும் முதலில் கேட்பது வாத்து வந்ததா என்றுதான். பல ஆண்டுகளில் அதற்குக் கிடைக்கும் பதில், வாத்தே இல்லை என்பதாகவே இருக்கிறது.

அந்த ஒரே முறையீட்டுக்குள் இரண்டு வேறு குறைகள் இருக்கின்றன. வாத்துகள் இந்த வட்டாரத்துக்கே வந்து சேராதது ஒன்று. வந்து சேர்ந்தும், வேட்டைக்கு அனுமதி உள்ள நேரத்தில் உங்கள் நீர்நிலைக்கு வராதது மற்றொன்று. முதலாவதன் காரணம் பல நூறு கிலோமீட்டர் வடக்கே, மிசூரி, அயோவா மாநிலங்களிலோ வடக்கு, தெற்கு டகோட்டாக்களிலோ இருக்கிறது. இரண்டாவதன் காரணம் உங்கள் வயலைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ஒன்றின் மருந்தை மற்றொன்றுக்குக் கொடுப்பதால்தான் பலருடைய பருவம் வீணாகிறது என்பது என் உறுதியான எண்ணம். பறவையே வந்து சேராத வாரத்தில், அவற்றை ஈர்க்க நீரில் மிதக்கவிடும் போலி வாத்துகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கிப் பயனில்லை; பறவை நிறைந்திருக்கும் வாரத்தில் வடக்கே பனி பெய்யட்டும் என்று காத்திருப்பதிலும் பயனில்லை.

ஆகவே எந்த அறிகுறிக்கும் முதல் சோதனை ஒன்றே. மாநில வனவிலங்குத் துறை பருவத்தின்போது சில முறை விமானத்திலிருந்து வாத்துகளைக் கணக்கெடுத்து வெளியிடும் எண்ணிக்கையைப் பாருங்கள். பிறகு, அருகிலுள்ள சரணாலயத்தின் ஓரத்தில் பொழுது சாயும் வேளையில் ஒரு மணி நேரம் நின்று, எத்தனை கூட்டங்கள் எழுகின்றன, எந்தத் திசையில் போகின்றன என்று கவனியுங்கள். எண்ணிக்கையும் குறைவு, அந்திப் பறப்பும் இல்லை என்றால் கீழே வரும் முதல் மூன்று அறிகுறிகளில் உங்களுடையது இருக்கும். அந்தியில் வானம் நிறைந்து, காலையில் உங்கள் நீர் மட்டும் வெறுமையாக இருந்தால், நீர் உறைவதைப் பற்றிய பகுதியிலிருந்து படியுங்கள்.

அறிகுறி: பருவம் தொடங்கிவிட்டது, வானமும் நீரும் வெறுமையாக இருக்கின்றன

எல்லா வாத்துகளும் ஒரே காரணத்துக்காகத் தெற்கே வருவதில்லை. நீலச்சிறகுக் கிளுவை என்ற சிறு வாத்து பகல் பொழுது குறுகுவதை உணர்ந்து, உறைபனி விழுவதற்கு வெகு முன்பே, ஆகஸ்ட், செப்டம்பரில் கிளம்பி மத்திய அமெரிக்காவுக்கும் தென் அமெரிக்காவின் வடபகுதிக்கும் போய்விடுகிறது. இதற்காகவே பல மாநிலங்கள் செப்டம்பரில் தனியாக ஒரு கிளுவைப் பருவத்தை வைத்திருக்கின்றன. ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் பெருமளவுக்கு நாட்காட்டியை ஒட்டியே நகர்பவை. (வேடந்தாங்கலுக்கும் கோடியக்கரைக்கும் வடக்கு, மத்திய ஆசியப் பகுதிகளிலிருந்து வரும் ஊசிவாலும் தட்டைவாயனும் இதே இனங்கள்தாம்.) மல்லார்ட் அப்படியில்லை. ஆணின் தலை பச்சையாக மின்னும் இந்தப் பெரிய வாத்து, உணவும் திறந்த நீரும் இருக்கும்வரை எவ்வளவு வடக்கே முடியுமோ அவ்வளவு வடக்கே தங்கிக்கொண்டு, இரண்டில் ஒன்று பறிபோகும்போதுதான் நகர்கிறது. ஆர்கன்சா வேட்டைக்காரர் வாத்து இல்லை என்று சொன்னால், பெரும்பாலும் மல்லார்ட் இல்லை என்றே அதற்குப் பொருள்.

எனவே நவம்பர் இறுதியில் கருவால் வாத்தும் பச்சைச்சிறகுக் கிளுவையும் தட்டைவாயனும் இருந்து, மல்லார்ட் மட்டும் அரிதாக இருந்தால் அதில் கோளாறு ஏதும் இல்லை. அது அந்த மாதத்தின் இயல்பு. டிசம்பர் நடுப்பகுதி தாண்டியும் அதே நிலை நீடித்தால்தான் வடக்கே வெப்பம் மிகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அது அமெரிக்கப் பெருநிலத்தில் பதிவான டிசம்பர்களிலேயே மிகவும் வெப்பமானது. அதை உள்ளடக்கிய 2023-24 குளிர்காலமும் பதிவானவற்றுள் மிக வெப்பமான குளிர்காலமாக முடிந்தது. வழக்கமாக டிசம்பரில் உறைந்துவிடும் வடபகுதி நீர்நிலைகள் திறந்தே கிடந்தன. ஜனவரி நடுவில் ஆர்க்டிக் குளிர் இறங்கியபோது பருவத்தில் இரண்டு வாரம்தான் மீதம் இருந்தது.

இந்த நிலைக்குத் தீர்வு என்று பெரிதாக எதுவும் இல்லை. கிடைக்கும் இனங்களை நாடிப் போவதும், விடுப்பு நாள்களைச் செலவழிக்காமல் ஜனவரிக்காகச் சேர்த்து வைப்பதுமே செய்யக்கூடியவை. கருவால் வாத்து நீர்த்தாவரங்களை மேய்வது. மல்லார்டுக்காக ஆயத்தப்படுத்திய நெல்வயலைவிட நீர்ப்பாசி படர்ந்த ஏரிக்கரையே அதற்குப் பொருத்தமான இடம்.

அறிகுறி: கடுங்குளிர் வந்துவிட்டது, ஆனால் வாத்து வரவில்லை

எனக்கு வரும் கேள்விகளில் அதிகம் இதைப் பற்றியவைதான். கேட்பவர் தம் வீட்டு முற்றத்தில் பார்த்த குளிரைச் சொல்கிறார். வாத்தை நகர்த்தும் குளிரோ வேறோர் இடத்தில் விழ வேண்டியது.

குளிர் மட்டும் மல்லார்டை நகர்த்துவதில்லை. மென்தூவியும் தோலடிக் கொழுப்பும் அதன் உடலைக் காக்கின்றன. காலுக்கு இறங்கும் சூடான இரத்தமும் காலிலிருந்து மேலேறும் குளிர்ந்த இரத்தமும் அடுத்தடுத்த நாளங்களில் ஓடி வெப்பத்தைப் பரிமாறிக்கொள்வதால், பனிக்கட்டியின் மேல் நின்றாலும் அது உடல் வெப்பத்தை அதிகம் இழப்பதில்லை. சில ஆயிரம் வாத்துகள் ஓரிடத்தில் நீந்திக்கொண்டே இருந்தால் அந்த இடம் உறையாமல் திறந்தே இருக்கிறது. அணைகளுக்குக் கீழே பாயும் நீரும், மின்நிலையங்களின் குளிர்விப்பு ஏரிகளும், மிசூரி போன்ற பெரிய ஆறுகளின் நீரோட்டமும் மேலும் பல நாள்கள் தாக்குப்பிடிக்கின்றன. உறங்க நீர் கிடைத்துவிட்டால் மிச்சம் இருப்பது உணவுக் கணக்கு மட்டுமே. ஒரு மல்லார்டுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 290 கிலோகலோரி தேவை என்று இந்த வட்டாரத்தின் வாழிட மேலாளர்கள் கணக்கிடுகின்றனர். கடுங்குளிரில் அது இன்னும் கூடும். அறுவடை முடிந்த மக்காச்சோள வயலில் சிந்திக்கிடக்கும் தானியத்திலிருந்து அதைப் பெறுவது எளிது. அந்தத் தானியத்தைப் பனி மூடி, அதன் மேற்பரப்பு இறுகிப் பல நாள்கள் கிடந்தால்தான் கணக்கு தப்பிப்போகிறது. அப்போதுதான் பறவை கிளம்புகிறது.

மிசூரியில் பல ஆண்டுகளாகத் திரட்டிய மல்லார்ட் எண்ணிக்கையை வானிலைப் பதிவுகளோடு ஒப்பிட்ட ஆய்வாளர்கள் 2010இல் ஒரு வானிலைக் கடுமைக் குறியீட்டை வெளியிட்டார்கள். அன்றைய சராசரி வெப்பநிலை, சராசரி உறைநிலையிலோ அதற்குக் கீழோ தொடர்ச்சியாக நீடித்த நாள்கள், தரையில் பனியின் ஆழம், பனி தொடர்ச்சியாகக் கிடந்த நாள்கள் ஆகிய நான்கையும் சேர்த்தால் வாத்துகள் எப்போது குறையத் தொடங்கும் என்பதை நன்றாக விளக்க முடிந்தது என்பதே அதன் சாரம். நான்கில் இரண்டு, குளிரும் பனியும் எத்தனை நாள் தொடர்ந்தன என்பதைப் பற்றியவை. இரவில் கழித்தல் பத்துக்கு இறங்கிப் பகலில் ஐந்து பாகை செல்சியஸுக்கு ஏறும் குளிர், நமக்குக் கடுமையாகத் தெரிந்தாலும், வாத்துக்கு வயலைத் தினமும் திறந்துவிடுகிறது.

ஆகவே உங்கள் ஊரின் முன்னறிவிப்பை மூடிவைத்துவிட்டு, பல நூறு கிலோமீட்டர் வடக்கே உள்ள நிலையைப் பாருங்கள். அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை நாள்தோறும் பனி ஆழ வரைபடத்தை வெளியிடுகிறது. அதில் பனியின் தெற்கு எல்லை எங்கே இருக்கிறது, நேற்றைவிட எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வடமிசூரியின் ஒரு நகரையும் தெற்கு டகோட்டாவின் ஒரு நகரையும் எடுத்துக்கொண்டு, அவற்றின் குறைந்தபட்ச வெப்பநிலையை விட்டுவிட்டு, நாள் சராசரி எத்தனை நாளாக உறைநிலைக்குக் கீழே இருக்கிறது என்று எண்ணுங்கள். பனி எல்லை வடமிசூரியைத் தாண்டித் தெற்கே வந்து, சராசரியும் தொடர்ந்து கீழேயே இருந்து, அடுத்த வாரம் உருகும் அறிகுறியும் இல்லையென்றால் உங்கள் ஆயத்தங்களைத் தொடங்கலாம். ஒற்றை இரவு உறைபனிக்காக வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டாம்.

வடக்கே உள்ளவர்கள் மக்காச்சோளத்தை அறுக்காமல் நீரில் நிற்கவிட்டும், காற்றுக்குமிழி இயந்திரங்களால் நீரை உறையாமல் வைத்தும் வாத்துகளைத் தடுத்து வைத்துக்கொள்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு தென்மாநிலங்களில், குறிப்பாக மல்லார்ட் வரத்து குறைந்துபோன லூசியானாவில், பலமாக இருக்கிறது. அதில் சிறிதளவு உண்மை உண்டு. ஆனால் பனியில்லாத குளிர்காலத்தில் பல கோடி ஏக்கர் அறுவடை வயல்கள் திறந்து கிடப்பதோடு ஒப்பிட்டால், நீரில் நிற்கும் சில வயல்களின் பங்கு சிறியதே. சினத்தை அண்டை மாநிலத்தின்மேல் காட்டுவதைவிடப் பனி வரைபடத்தைப் படிக்கக் கற்பது அதிகம் பயன் தரும்.

அறிகுறி: ஒரு நாள் வானம் நிறைந்தது, மறுநாள் ஒன்றும் இல்லை

இது குளிர்க்காற்று முகப்பு, அதாவது முன்னேறி வரும் குளிர்க்காற்றின் முன்விளிம்பு, கடந்துபோனதன் தடம். முகப்பு வருமுன் காற்றழுத்தம் இறங்கி, தெற்குக் காற்றும் மழையும் இருக்கும். அது கடந்ததும் வடமேற்குக் காற்று பலமாக வீசி, அழுத்தம் ஏறி, வானம் தெளியும். முதுகுக் காற்றும் தெளிந்த வானமும் சேர்ந்து கிடைக்கும் அந்த முதல் இரவில்தான் பெருங்கூட்டங்கள் கிளம்புகின்றன. சூரியன் மறைந்து சிறிது நேரத்தில் நீர்நிலைகளின்மேல் அவை எழுவது வானிலை ரேடாரில்கூடத் தெரியும்; மழை இல்லாத இரவில் ஏரிகளின்மேல் சட்டென்று ஒரு புள்ளி விரிந்து தெற்கே நகர்ந்தால் அது பெரும்பாலும் பறவைக் கூட்டம்தான். சாதாரணமாகவே மணிக்கு எழுபது, எண்பது கிலோமீட்டர் பறக்கும் மல்லார்ட், பலத்த முதுகுக் காற்றில் ஒரே இரவில் பல நூறு கிலோமீட்டர் கடந்துவிடும். இல்லினாய் மாநிலத்தில் நீர்ப்பறவைகளைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த ஃபிராங்க் பெல்ரோஸ், 1955 நவம்பர் தொடக்கத்தில் கனடியப் புல்வெளிகளிலிருந்து தெற்கு நோக்கி நடந்த பெருவலசையை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

இப்படிப்பட்ட இரவில் வரும் கூட்டங்களில் ஒரு பகுதி உங்கள் தலைக்கு மேலேயே கடந்து போய்விடும். மிச்சமானவை களைத்துப்போய், பெரிய பாதுகாப்பான நீர்ப்பரப்பில் இறங்கி ஒரு நாள் ஓய்வெடுக்கும். முகப்பு கடந்த மறுநாள் காலையில் உயரத்தில் பறவை தெரிந்தும் எதுவும் இறங்காமல் போவதற்கு இதுவே காரணம். வயலில் உணவு தேடிப் புதுப் பறவைகள் சுற்றத் தொடங்கும் இரண்டாம், மூன்றாம் நாள்களை விடாதீர்கள். இந்த இடத்தைப் பற்றி முன்பின் தெரியாத, வாத்தின் குரல்போல வேட்டைக்காரர் ஊதும் குழலோசைக்கு இன்னும் அஞ்சக் கற்காத பறவைகள் அப்போதுதான் கிடைக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை வலியுறுத்தியே ஆக வேண்டும். வாத்து அதிகம் பறக்கும் வானிலைதான் மனிதரைக் கொல்லும் வானிலையும். 1940 நவம்பர் 11 அன்று மேல் மிசிசிப்பி ஆற்றுப்படுகையில் காலை இதமாக இருந்தது. மெல்லிய சட்டையோடு தீவுகளுக்குப் படகில் போன வேட்டைக்காரர்கள், பிற்பகலில் புயலும் பனியும் சேர்ந்து தாக்கியபோது திரும்ப முடியாமல் சிக்கிக்கொண்டார்கள். அந்தப் புயலில் அமெரிக்க நடுமேற்கில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் வாத்து வேட்டைக்குப் போனவர்கள். வாத்துகள் அன்று கூட்டம் கூட்டமாக வந்ததே பலரைக் கரை திரும்பவிடாமல் நிறுத்திவைத்தது. முகப்பு வரும் நாளில் படகு தேவைப்படும் இடத்துக்குப் போகாதீர்கள். போயே ஆக வேண்டுமென்றால் மிதவைச் சட்டையை மேலே அணிந்திருங்கள்; மாற்று உடையை நீர்புகாப் பையில் வைத்திருங்கள்; திரும்பும் நேரத்தைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

அறிகுறி: வாத்து வந்திருக்கிறது, ஆனால் என் நீர் உறைந்துவிட்டது

2022 டிசம்பர் 21க்குப் பிறகு வீசிய பெரும் பனிப்புயலின்போது இது ஆர்கன்சா முழுவதும் நடந்தது. வடக்கிலிருந்து பறவைகளைத் தள்ளிக்கொண்டு வந்த அதே குளிர், முழங்கால் ஆழம்கூட இல்லாத வயல் நீரை உடனே கட்டியாக்கிவிட்டது. பறவைகள் ஆறுகளுக்கும் ஆழமான நீர்த்தேக்கங்களுக்கும் ஒதுங்கின.

உறைநீரில் முதலில் சரிபார்க்க வேண்டியது பனிக்கட்டியின் தடிமன். காலால் மிதித்தால் உடையும் அளவில் இருந்தால் விடிவதற்கு முன்பே போய் ஒரு திறப்பை உண்டாக்கலாம். அதைச் செய்யும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். கட்டியைச் சுக்குநூறாக உடைத்தால் சில்லுகள் திறப்பில் மிதந்து மீண்டும் ஒட்டிக்கொள்ளும்; ஓரங்களில் வீசிய துண்டுகள் வெயில் ஏறியதும் கண்ணாடித் துண்டுகள் போல மின்னி, மேலே வரும் பறவைக்கு ஏதோ சரியில்லை என்று காட்டிக்கொடுக்கும். மாறாக, பெரிய பலகைகளாக உடைத்து, ஒவ்வொரு பலகையின் விளிம்பையும் காலால் அழுத்திச் சுற்றியுள்ள பனித்தளத்துக்கு அடியில் தள்ளிவிடுங்கள். அது அங்கேயே நின்றுவிடும். திறப்பு கருமையாக, சுத்தமாக, மேலிருந்து பார்க்கும்போது உண்மையான திறந்த நீராகத் தெரியும். பிறகு அடியிலுள்ள சேற்றைக் காலால் கலக்கிவிடுங்கள். வாத்துகள் மேய்ந்த நீரும் அப்படித்தான் கலங்கியிருக்கும். நீருக்குள் இழுகயிறு கட்டிய ஒரு போலி வாத்து இருந்தால், அதை அவ்வப்போது அசைப்பது திறப்பு மீண்டும் மூடாமல் காப்பதற்கும் உதவும்.

ஆழ்குழாய்க் கிணற்று வசதி உள்ளவர்கள் மோட்டாரை இரவு முழுவதும் ஓடவிடுகிறார்கள். நிலத்தடி நீர் குளிர்காலத்திலும் வெதுவெதுப்பாக வருவதால் குழாய் வாயைச் சுற்றி ஒரு பரப்பு உறைவதில்லை. ஆனால் ஸ்டட்கார்ட்டைச் சுற்றியுள்ள கிராண்ட் பிரெய்ரி சமவெளியின் நிலத்தடி நீர்மட்டம் பல பத்தாண்டுகளாக இறங்கிக்கொண்டே இருக்கிறது. நெற்பயிருக்கே நீர் தட்டும் நிலத்தில் வேட்டைக்காக இரவெல்லாம் நீரிறைப்பதை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை. ஓடும் ஓடை, ஆற்று வளைவு, வாய்க்கால் மதகடி ஆகியவற்றைத் தேடிப் போவதே நல்லது.

பறக்கும் நேரமும் கடுங்குளிரில் மாறிவிடும். வெப்பத்தைக் காக்க வாத்துகள் விடியலில் அசையாமல் இருந்து, வெயில் ஏறிய பிறகு, சில நாள்களில் நண்பகலை ஒட்டித்தான் மேய எழுகின்றன. முதல் ஒரு மணி நேரத்தில் எதுவும் வரவில்லை என்று எழுந்து போகிறவர் நல்ல நேரத்தைத் தவறவிடுகிறார். பல பொது வேட்டைப் பகுதிகள் நண்பகலோடு மூடப்படுவதால், அங்கே போகிறவர்கள் நேரக் கட்டுப்பாட்டை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த நிலையில் தானியம் தூவிப் பறவையை வரவழைக்கலாமா என்ற எண்ணம் சிலருக்கு எழுகிறது. அது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். தூவிய தானியம் முழுவதையும் அகற்றிய பிறகும் பத்து நாள்களுக்கு அந்த இடத்தில் வேட்டையாடக் கூடாது. நிற்கும் பயிருக்கு நீர் பாய்ச்சுவது குற்றமல்ல. அறுக்காத பயிரை மிதித்தோ வெட்டியோ தானியத்தை உதிர்த்துவிட்டு அங்கே வேட்டையாடுவது குற்றம்.

அறிகுறி: சரணாலயத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, என் வயலில் பகலில் ஒன்றும் இல்லை

வானிலை மிதமாக, உறைபனி இல்லாமல், காற்றும் இல்லாமல் ஒரு வாரம் நீடித்தால் இது நிகழும். குளிர் கடுமையாக இருக்கும்போது வாத்து பகலிலும் மேய்ந்தாக வேண்டும்; மிதமான வானிலையில் இரவு மேய்ச்சலே அதற்குப் போதும். மேற்கு டென்னசியில் மல்லார்டுகளின் முதுகில் ஜிபிஎஸ் கருவி பொருத்திப் பின்தொடர்ந்த ஆய்வுகளும் இதையே காட்டின: பகலெல்லாம் வேட்டை இல்லாத புகலிடத்தில் தங்கி, வேட்டை நேரம் முடிந்த பிறகு வெளியே வந்து, விடியுமுன் திரும்பிவிடுகின்றன.

உங்கள் வயலில் இரவு மேய்ச்சல் நடக்கிறதா என்று கண்டுபிடிப்பது எளிது. வேட்டையில்லாத ஒரு நண்பகலில் போய், முந்திய இரவுக் காற்று எந்தத் திசைக்கு வீசியதோ அந்தக் கரையைப் பாருங்கள். வெள்ளை மென்தூவிகள் வரப்போரத்தில் நுரையோடு ஒதுங்கியிருக்கும். நெல்தாள் வேரோடு பிடுங்கப்பட்டு மிதக்கும். அமைதியான நீர் காரணமில்லாமல் செம்மண் நிறமாகக் கலங்கியிருக்கும். சேற்றில் குழிகுழியாக அலகு தோண்டிய தடம் இருக்கும். இவை இருந்தால் உணவும் இருக்கிறது, பறவையும் வருகிறது, நேரம்தான் பொருந்தவில்லை. இவற்றில் எதுவும் இல்லையென்றால் வயலில் உணவே தீர்ந்திருக்கக்கூடும்.

இந்த இரண்டாவது நிலையைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்கு நெல்வயல்களில் நடந்த ஓர் ஆய்வு, அறுவடை முடிந்தவுடன் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 270 கிலோவாக இருந்த சிந்திய நெல், இலையுதிர்காலம் முடிவதற்குள் 80 கிலோவுக்கும் கீழே போய்விட்டதைக் காட்டியது. முளைத்தும், மக்கியும், எலியும் பறவையும் தின்றும் போனதே காரணம். 50 கிலோவுக்குக் கீழே போனால் தேடும் உழைப்புக்கேற்ற பலன் இல்லாமல் வாத்துகள் அந்த வயலைக் கைவிடும் என்பது மேலாளர்கள் பயன்படுத்தும் கணக்கு. இலையுதிர்காலம் நீண்டு வெப்பமாக இருந்தால் சிந்திய நெல்லுக்கு முளைக்கவும் மக்கவும் நேரம் மிகுதியாகக் கிடைக்கிறது. மல்லார்டின் வருகையைத் தள்ளிப்போடும் அதே வெப்பம், அது வரும்போது உண்ண இருக்க வேண்டிய உணவையும் முன்கூட்டியே தின்றுவிடுகிறது. அறுவடைக்குப் பிறகு வயலை உழாமல் தாளோடு விடுவதே இதற்கு நல்ல தீர்வு. அது அடுத்த ஆண்டுக்குத்தான் பயன்படும்.

இரவு மேய்ச்சலுக்கோ உடனடித் தீர்வு உண்டு: ஓய்வு. ஒரே நீரில் தினமும் சுடாதீர்கள். வாரத்தில் சில நாள்கள் முழுமையாக விட்டுவிடுங்கள். வேட்டையாடும் நாளிலும் காலை பத்து மணிக்குள் வேட்டையை முடித்து வெளியேறிவிடுங்கள். அடுத்த குளிர்முகப்பு வரும்வரை காத்திருந்து அந்த நாளில் மட்டும் போகிறவர், தினமும் போகிறவரைவிடக் குறைந்த உழைப்பில் அதிகம் பெறுகிறார்.

அறிகுறி: வட்டமிடுகின்றன, இறங்காமல் போய்விடுகின்றன

காற்றையும் வெளிச்சத்தையும் பாருங்கள். வாத்து காற்றை எதிர்த்தே இறங்கும். காற்று முதுகுப்பக்கமிருந்து வீசும்படி உட்கார்ந்து, உங்களுக்கு முன்னால் இறங்குவதற்கு ஓர் இடைவெளியை விட்டுப் போலி வாத்துகளைப் பரப்ப வேண்டும். விடியலுக்குப் பிறகு காற்றுத் திசை மாறியிருந்தால் சோம்பாமல் எழுந்து மாற்றியமையுங்கள். காற்றே இல்லாத நாளில் போலி வாத்துகள் அசையாமல் நிற்பதே பறவையை விரட்டும். எண்ணிக்கையைக் குறைத்து, இழுகயிற்றால் நீரைச் சலசலக்க வையுங்கள். குழலை அளவோடு ஊதுங்கள். வடக்கிலிருந்து வரும் வழியெல்லாம் அந்த ஓசையைக் கேட்டுவந்த பறவைகளுக்கு ஜனவரியில் அது ஓர் எச்சரிக்கை.

வெளிச்சத்தின் பலன் இடத்துக்கு இடம் மாறுகிறது. திறந்த வயலில் மேகமூட்டத்தைவிட வெயில் நாளில் மறைவிடத்தின் நிழல் உங்களை நன்றாக மறைக்கும். ஆனால் மேலே நிமிர்ந்து பார்க்கும் முகம் அதே வெயிலில் பளிச்சென்று தெரியும். நீர் தேங்கிய ஓக் காட்டில் தெளிந்த, குளிர்ந்த, மென்காற்று வீசும் காலையே சிறந்தது. வெயில் கிளைகளுக்கிடையே இறங்கும்போது பறவைக்கு நீர் தெளிவாகத் தெரிகிறது, மரத்தண்டின் நிழலில் நிற்கும் மனிதர் தெரிவதில்லை. மேகம் மூடிய நாளில் அதே காட்டை விட்டுவிட்டு வயலுக்குப் போகலாம். அடர்ந்த மூடுபனியில் எங்கும் போக வேண்டியதில்லை.

அறிகுறி: பெருமழைக்குப் பின் பறவை காணாமல் போய்விட்டது

அவை பெரும்பாலும் ஐந்து, பத்து கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். ஆறு கரைபுரண்டு புதிதாக மூழ்கிய காட்டோரத்திலும் வயலிலும் இதுவரை எட்டாத விதையும் ஓக் கொட்டையும் புழுபூச்சியும் ஒரே நாளில் கிடைக்கும்போது, பழைய நீரில் கூட்டமாக இருக்க வாத்துக்குக் காரணமில்லை. வெள்ள நீரின் ஆழமற்ற முன்விளிம்பைத் தேடுங்கள். நில உரிமையாளரின் அனுமதியும் தேவைப்படும். இதற்கு நேரெதிராக, 2022, 2023 இலையுதிர்காலங்களில் மெம்ஃபிஸ் அருகே மிசிசிப்பி ஆறு பதிவான அளவிலேயே மிகத் தாழ்ந்தபோது, இயற்கையாக நிரம்பும் தாழ்நிலங்கள் வறண்டு கிடந்தன. அப்படிப்பட்ட பருவத்தில் நீரிறைத்து நிரப்பிய வயல்களிலும் புகலிடங்களிலும் மட்டுமே பறவை குவியும்.

அறிகுறி: வடக்கே பனியும் உண்டு, இங்கே நீரும் உண்டு, ஆனாலும் எல்லா இடத்திலும் குறைவு

இதற்குக் குளிர்கால வானிலையில் விடை இல்லை. டகோட்டாக்களிலிருந்து மானிட்டோபா, சஸ்காட்செவன், ஆல்பர்ட்டா வரை விரியும் குட்டைகள் நிறைந்த புல்வெளியில் வசந்தத்தில் நீர் இல்லாமல் போனால் அந்த ஆண்டு குஞ்சுகள் குறைவு. 1955 முதல் நடக்கும் வசந்தகாலக் கணக்கெடுப்பில் 2024இல் மொத்தம் 3.4 கோடி வாத்துகளும், அவற்றுள் 66 லட்சம் மல்லார்டுகளும் மதிப்பிடப்பட்டன. மல்லார்ட் எண்ணிக்கை நீண்டகாலச் சராசரிக்குக் கீழே. இளம்பறவைகள் குறைந்த ஆண்டில் மிஞ்சியிருப்பவை அனுபவமுள்ள முதிர்ந்த பறவைகள்; அவை போலி வாத்துகளை எளிதில் நம்புவதில்லை. வானிலை எவ்வளவு சாதகமாக இருந்தாலும் அந்தப் பருவத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் ஒரு நாளில் சுடக்கூடிய வரம்பான ஆறு வாத்துகளில் பெட்டை மல்லார்ட் இரண்டு வரை அனுமதி இருந்தாலும், அதைச் சுடாமல் விட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அறிகுறி: ஜனவரி கடைசியில் பறவைகள் வடக்கே திரும்புகின்றன

நான்கைந்து நாள் தெற்குக் காற்று வீசி, மிசூரியில் பனி உருகினால் மல்லார்டுகளில் ஒரு பகுதி பருவம் முடியுமுன்பே வடக்கே ஏறிவிடும். உருகும் பனியின் விளிம்பைப் பின்தொடர்ந்தே அவை போகும். பனி வரைபடத்தில் அந்த விளிம்பு வடக்கே பின்வாங்கினால் இரண்டொரு நாளில் இங்கே எண்ணிக்கை குறையும் என்று கொள்ளலாம். மீண்டும் உறைபனி வந்தால் அவை திரும்பி வரவும் செய்யும், ஆகவே கடைசி வார முன்னறிவிப்பைக் கைவிட வேண்டாம்.

பருவம் முடிந்ததும் நெல்வயலின் நீரைப் பிப்ரவரி முழுவதும் நிற்கவிடுங்கள். வடக்கே திரும்பும் பறவைகள் முட்டையிடுவதற்கு வேண்டிய உடல்வலுவை அந்த மேய்ச்சலில்தான் சேர்க்கத் தொடங்குகின்றன. ஓக் காட்டுக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள். மரங்கள் துளிர்க்கத் தயாராகும்போதும் வேர் நீரில் நின்றால் வில்லோ ஓக்கும் நட்டால் ஓக்கும் நலிந்து, சில ஆண்டுகளில் பட்டுப்போகின்றன. இதனால்தான் மாநில வனவிலங்குத் துறை தன் வெள்ளக்காடுகளில் நீர் நிரப்பும் காலத்தையும் வடிக்கும் காலத்தையும் மாற்றிவருகிறது. பிப்ரவரி முதல் வாரத்திலேயே காட்டின் மதகைத் திறந்து, வாய்க்காலில் அடைத்துக்கொண்டிருக்கும் கிளைகளை அகற்றி, நீர் முழுவதும் வடிந்ததா என்று மாத இறுதியில் மீண்டும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.